கென்னர் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளும் அவற்றின் விளம்பர அட்டைகளும்

கென்னர் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் என்பவை, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரைச் சேர்ந்த கென்னர் நிறுவனம் 1978 முதல் 1985 வரை வெளியிட்ட சிறிய பிளாஸ்டிக் உருவங்கள் ஆகும். ஜார்ஜ் லூக்கஸ் இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் கதைமாந்தர்களும் அதன் தொடர்ச்சியான இரண்டு படங்களின் கதைமாந்தர்களும் இவ்வாறு பொம்மைகளாயினர். ஏறத்தாழ 2 டாலர் விலைக்குக் கடைகளில் தொங்கிய இவை இன்று ஏலக்கூடங்களில் விற்கப்படுகின்றன. இவற்றைச் சேகரிப்போரிடையே ஒரு விந்தையான வழக்கம் உண்டு. பொம்மைக்குத் தரும் விலையைக் காட்டிலும் பல மடங்கு விலையை, அது ஒட்டப்பட்டிருந்த அட்டை கிழியாமல் இருந்தால் தருகிறார்கள். அந்த அட்டையோ, வாங்கியவுடன் கிழித்து எறிவதற்கென்றே அச்சிடப்பட்ட விளம்பரத் தாள். எறியப்பட வேண்டிய பொருள் எப்படி அரும்பொருள் ஆனது என்பதே இப்பொம்மைகளின் வரலாற்றில் சுவையான பகுதி.

காலி உறை விற்ற கதை

ஸ்டார் வார்ஸ் 1977 மே 25 அன்று வெளியானது. படம் இவ்வளவு ஓடும் என்று பொம்மைத் தொழிலில் இருந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. அக்காலத்தில் திரைப்பட, தொலைக்காட்சிப் பாத்திரங்களைப் பொம்மையாக்குவதில் முன்னணியில் இருந்த மீகோ நிறுவனம் இந்த உரிமத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டது. கென்னர் அதை எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு பொம்மையை வடிவமைத்து, அச்சு வெட்டி, வார்த்து, வண்ணம் பூசிக் கடைக்கு அனுப்ப ஓராண்டுக் காலமாவது தேவை. படம் வெளியாகிச் சில மாதங்களில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. பிள்ளைகள் கேட்டார்கள்; கொடுக்கப் பொம்மை இல்லை.

கென்னரின் தலைவராக இருந்த பெர்னார்டு லூமிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். பொம்மைக்குப் பதிலாக ஒரு சான்றிதழை விற்பது! 'எர்லி பேர்ட்' என்று அழைக்கப்பட்ட அந்த உறைக்குள், பொம்மைகளை நிறுத்தி வைப்பதற்கான படம் அச்சிட்ட அட்டை மேடை, சில ஒட்டுப்படங்கள், ஓர் உறுப்பினர் அட்டை, ஒரு சான்றிதழ் ஆகியவை இருந்தன. சான்றிதழை அஞ்சலில் அனுப்பினால் 1978 பிப்ரவரி முதல் நாளுக்கும் ஜூன் முதல் நாளுக்கும் இடையில் நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும். லூக் ஸ்கைவாக்கர், இளவரசி லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகியவையே அந்த நான்கு. காலிப் பெட்டியை விற்கிறார்கள் என்று ஏளனம் எழுந்தது. ஏளனத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனாலும் கென்னர் சொன்னபடி அனுப்பிவைத்தது.

அந்த மேடையில் நான்கு பொம்மைகளுக்கு மட்டும் இடம் விட்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு பாத்திரங்களின் படங்கள் அதில் இருந்தன. நான்கைப் பெற்ற பிள்ளையின் கண் மீதி எட்டு வெற்றிடங்களின் மேல்தான் விழும். இதை வணிகத் தந்திரம் என்பதா, பிள்ளை மனத்தை நன்கறிந்த செயல் என்பதா? இரண்டும்தான்.

அளவு

அதற்கு முன்பு பிரபலமாக இருந்த உருவப் பொம்மைகள் 8 அங்குலமோ 12 அங்குலமோ உயரம் கொண்டவை. அந்த அளவில் பொம்மை செய்தால் அது ஏறிச் செல்லும் விண்கலம் கட்டில் அளவுக்கு வந்துவிடும். லூமிஸ் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்துக் காட்டி, இந்த அளவு இருந்தால் எப்படி என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அப்படித்தான் 3¾ அங்குலம், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை சென்டிமீட்டர் என்ற அளவு முடிவானது. பொம்மை சிறுத்ததால் விலை குறைந்தது. விலை குறைந்ததால் ஒன்றோடு நிற்காமல் பலவற்றை வாங்க முடிந்தது. 1978 இறுதிக்குள் 4 கோடிக்கு மேற்பட்ட பொம்மைகள் விற்றன. 1985 வரையிலான கணக்கு 25 கோடியைத் தாண்டும்.

1982-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் தன் 'ஜி.ஐ. ஜோ' படைவீரர் பொம்மைகளை இதே அளவுக்குச் சுருக்கி மீண்டும் கொண்டுவந்தது. பின்னாளில் எம்.ஆர்.எப். தொடங்கிய சென்னையைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் நிறுவனம் அந்த அச்சுகளைக் கொண்டு இந்தியச் சந்தைக்கு ஜி.ஐ. ஜோ பொம்மைகளைச் செய்தது. வண்ணம் மாறியிருந்த அந்த இந்தியப் பொம்மைகளை இப்போது அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

அட்டையின் பின்புறம்

ஒவ்வொரு பொம்மையும் ஓர் அட்டையின் மேல், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குமிழுக்குள் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அட்டையின் முன்புறம் படத்தின் பெயரும் பாத்திரத்தின் ஒளிப்படமும். பின்புறத்தில் அதுவரை வெளிவந்த எல்லாப் பொம்மைகளின் படங்களும், அனைத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு ஓர் அழைப்பும் இருக்கும். 1978-இன் முதல் அட்டைகளில் 12 படங்கள் இருந்தன. புதிய பொம்மைகள் வர வர அந்த எண்ணிக்கை 20, 21, 31 எனக் கூடிக்கொண்டே போய், 1985-இல் 92-ஐ எட்டியது. சேகரிப்பாளர்கள் இன்று இந்த எண்ணைக் கொண்டே அட்டையின் வயதைக் கணக்கிடுகிறார்கள். '12 பேக்' என்றால் பின்புறத்தில் 12 படங்கள் உள்ள, எல்லாவற்றிலும் மூத்த அட்டை என்று பொருள். அதே பொம்மை, அதே வண்ணம். ஆனால் 12 பேக் அட்டையில் இருப்பதற்கும் 65 பேக் அட்டையில் இருப்பதற்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு.

அட்டையில் 'வாங்கியதற்கான சான்று' என ஒரு சிறு முத்திரையும் அச்சாகியிருந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் அதை வெட்டி அனுப்பினால் இலவசமாக ஒரு பொம்மை வரும். ஆகவே அக்காலப் பிள்ளைகள் அட்டையைக் கிழித்ததோடு நிற்காமல் கத்தரிக்கோலும் வைத்தார்கள். முத்திரை வெட்டப்பட்ட அட்டைக்கு இன்று மதிப்புக் குறைவு. அன்று நேர்மையாக விளையாடிய பிள்ளைக்கு இது சற்று அநியாயமாகத்தான் தோன்றும்.

ராக்கெட் பாயாத போபா ஃபெட்

இந்த முத்திரைத் திட்டங்களில் புகழ்பெற்றது 1979-ஆம் ஆண்டினுடையது. போபா ஃபெட் என்ற கூலிவேட்டைக்காரப் பாத்திரம் 1980-இல் வரவிருந்த இரண்டாம் படத்துக்குரியது. படம் வரும் முன்பே, நான்கு முத்திரைகள் அனுப்புவோருக்கு அந்தப் பொம்மை கிடைக்கும் என்று அட்டைகளிலேயே விளம்பரம் வந்தது. முதுகில் உள்ள ராக்கெட் விசை அழுத்தியதும் பாயும் என்பதுதான் அதில் கவர்ச்சி.

அந்த நேரத்தில் வேறொரு நிறுவனத்தின் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' விண்கலப் பொம்மையில் இருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். பாயும் சிறு உறுப்புகளைக் கொண்ட பொம்மைகளின் மேல் எல்லோருக்கும் அச்சம் உண்டாயிற்று. கென்னர் ராக்கெட் பாயும் ஏற்பாட்டைக் கைவிட்டது. ஏற்கெனவே அச்சிட்ட அட்டைகளில் அந்த வரிகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மறைத்தது. பொம்மை வந்த பொட்டலத்தில் ஒரு கடிதமும் இருந்தது. பாதுகாப்புக் கருதி ராக்கெட் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளது என்றும், மனநிறைவு இல்லையேல் திருப்பி அனுப்பி வேறு பொம்மை பெற்றுக்கொள்ளலாம் என்றும் அதில் கண்டிருந்தது.

ஆக, ராக்கெட் பாயும் போபா ஃபெட் எந்தப் பிள்ளையின் கைக்கும் போய்ச் சேரவில்லை. தொழிற்சாலையில் சோதனைக்காகச் செய்த சில மாதிரிகள் மட்டும் எஞ்சின. முதுகில் விசை நகரும் பள்ளத்தின் வடிவத்தை வைத்து அவற்றை 'எல்' வகை, 'ஜே' வகை என்று பிரிக்கிறார்கள். கையால் வண்ணம் தீட்டிய அத்தகைய ஒரு மாதிரி 2024-இல் ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. விளம்பரம் மட்டும் வந்து பொருள் வராமற்போன ஒன்றுக்கு இந்த விலை. அந்த விளம்பரத்தைப் பார்த்து ஏமாந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள் என்பதை நினைத்தால் வியப்புக் குறையும்.

பிழைகளும் திருத்தங்களும்

தயாரிப்பில் நேர்ந்த பிழைகளும் அரும்பொருள் ஆகியுள்ளன. ஜாவா என்ற குள்ளப் பாத்திரத்துக்கு முதலில் வினைல் தாளில் அங்கி போட்டார்கள். மற்றவற்றில் பாதி உயரமே உள்ள பொம்மை, அதே விலையில், மலிவான அங்கியோடு தோற்றமளித்ததால் விரைவிலேயே துணி அங்கிக்கு மாற்றினார்கள். வினைல் அங்கி ஜாவா இன்று எளிதில் கிட்டாதது. தொடக்கத்தில் லூக்கின் ஒளிவாள் இரண்டு கட்டமாக நீளும் வகையில் இருந்தது. செலவைக் குறைக்க அதையும் எளிமையாக்கினர்.

ஸ்னாகிள்டூத் என்ற பாத்திரத்தின் கதை இதைவிட வேடிக்கையானது. சியர்ஸ் கடைக்கென 1978-இல் செய்த தொகுப்பு ஒன்றில் இந்தப் பொம்மை நீல உடையும் நெடிய உருவமுமாக வந்தது. வடிவமைத்தவர்களிடம் இருந்தது இடுப்பு வரையிலான கறுப்பு-வெள்ளைப் படம் மட்டுமே. உண்மையில் அந்தப் பாத்திரம் குள்ளம், உடை சிவப்பு. பிறகு திருத்திக் குள்ளமாக வெளியிட்டார்கள். தவறாகச் செய்த நீல ஸ்னாகிள்டூத்தைத்தான் இப்போது எல்லோரும் தேடுகிறார்கள்.

போலிகள்

விலை உயரும் இடத்தில் போலி வருவது இயல்பு. பென் கெனோபி பொம்மையின் வினைல் அங்கியை வெட்டிச் சிறிதாக்கி, துணி அங்கி ஜாவாவுக்கு மாட்டி, வினைல் அங்கி ஜாவா என்று விற்பது பழைய ஏமாற்று. இரு அங்கிகளின் நிறமும் ஒன்றல்ல என்பதால் பழகிய கண் கண்டுபிடித்துவிடும். தொலைந்துபோன சிறு துப்பாக்கிகளுக்குப் பதிலாகப் புதிதாக வார்த்தவையும் சந்தையில் ஏராளம். அசல் துப்பாக்கிகள் நீரில் மிதக்கும், போலிகள் மூழ்கும் என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் ஒரு சோதனை. அசலின் பிளாஸ்டிக் நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதே இதன் அடிப்படை. இயற்பியல் சரிதான்; ஆனால் போலி செய்பவரும் அடர்த்தி குறைந்த பிளாஸ்டிக்கை வாங்கலாம் அல்லவா? மிதக்கும் போலிகளும் வந்துவிட்டன.

இதனால் மூன்றாம் தரப்பு மதிப்பீடு ஒரு தனித் தொழிலாயிற்று. ஏ.எஃப்.ஏ. போன்ற நிறுவனங்கள் பொம்மையைப் பரிசோதித்து, அட்டையின் மடிப்பு, குமிழின் மஞ்சள் நிறம், விலைச்சீட்டின் தடம் முதலியவற்றைக் கருதி நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தந்து, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. பொம்மைக்குத் தேர்வு வைத்து மதிப்பெண் போடும் காலம்!

எல்லோரும் பத்திரப்படுத்தியபோது

1985-க்குப் பின் பத்தாண்டுகள் புதிய பொம்மைகள் பெரும்பாலும் வரவில்லை. 1995-இல் கென்னர் (அப்போது அது ஹாஸ்ப்ரோவின் கையில் இருந்தது) புதிய வரிசையைத் தொடங்கியது. பழையவற்றின் விலையைக் கேள்விப்பட்ட பெரியவர்கள் இம்முறை அட்டையைப் பிரிக்காமல் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கி வைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் அற்ப விலைக்கே போகின்றன. 1978-இன் அட்டைகள் அருமையானதற்குக் காரணம், கோடிக்கணக்கான பிள்ளைகள் அவற்றைக் கிழித்தெறிந்ததுதான். 1995-இல் கிழிப்பார் இல்லை, எல்லாம் எஞ்சியிருக்கின்றன.

ஸ்டீவ் சான்ஸ்வீட்டின் சேகரிப்பு

இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர் ஸ்டீவ் சான்ஸ்வீட். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழில் செய்தியாளராக இருந்தவர். படம் வெளியாகும் முன்பு, உடன் பணியாற்றிய ஒருவர் ஸ்டார் வார்ஸ் விளம்பரக் கையேட்டைக் குப்பைக்கூடையில் போட்டதைக் கண்டு, அதை எடுத்து வைத்துக்கொண்டதிலிருந்து தன் சேகரிப்பு தொடங்கியது என்று அவரே கூறியுள்ளார். 1996-இல் லூக்கஸ்ஃபிலிம் நிறுவனத்தில் ரசிகர் தொடர்புப் பணியில் சேர்ந்தார். கலிபோர்னியாவின் பெட்டலூமா அருகே, முன்பு கோழிப்பண்ணையாக இருந்த இடத்தில் 'ரான்ச்சோ ஓபி-வான்' என்ற பெயரில் தன் பொருள்களை வைத்தார். உலகிலேயே பெரிய ஸ்டார் வார்ஸ் சேகரிப்பு இதுவென்று கின்னஸ் அமைப்பு ஏற்றது. எண்ணிப் பதிவு செய்தவை மட்டும் தொண்ணூறாயிரத்துக்கு மேல். எண்ணாமல் இருப்பவை அவற்றினும் பல மடங்கு.

2017-இல் அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் களவு போயிருந்ததைச் சான்ஸ்வீட் அறிவித்தார். மதிப்பு 2,00,000 டாலருக்கு மேல். பூட்டை உடைத்து யாரும் உள்ளே வரவில்லை. எடுத்தவர், வீட்டுக்குள் தாராளமாக வந்துபோக விட்டிருந்த நெருங்கிய நண்பர். களவு போனவற்றில் பெரும்பாலானவை அட்டை பிரிக்கப்படாத பழைய பொம்மைகள். வாங்கியவர்கள் பலருக்கு அவை எங்கிருந்து வந்தவை என்று தெரியாது, அவர்களும் சேகரிப்பாளர்களே. விற்கப்பட்டவை எங்கே உள்ளன எனத் தேடும் பணியில் உதவுமாறு சான்ஸ்வீட் அந்தச் சேகரிப்பாளர்களிடமே வேண்டுகோள் விடுத்தார்.