பழைய காரும் தெர்மோஸ்டாட்டும்

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் செல்வது திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் பலருக்கும் வழக்கம். புது வண்டி என்றே சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நம் குடும்பங்கள் பலவற்றிற்கு அது மற்றொருவர் பல ஆண்டுகள் ஓட்டிக் கைமாற்றிய வண்டிதான். சீட்டுப் பணத்தையும் நகைக் கடனையும் சேர்த்து வாங்கிய வண்டியினுள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அறிந்துகொள்வது சிறிய காரியமன்று.

நம் அன்பர் ஒருவர் அவ்வாறு ஒரு சிறிய கார் வாங்கினார். விற்றவர், “இந்த எஞ்சின் சூடாகவே ஆகாது, முள்ளைப் பாருங்கள்” என்று பெருமையுடன் காட்டினாராம். உண்மைதான். களியக்காவிளையைக் கடந்து நாகர்கோவில் வரையில், ஏறக்குறைய 65 கிலோமீட்டர், வெப்பமானியின் முள் அடிக்கோட்டைவிட்டு எழவேயில்லை. அன்பர் மகிழ்ந்தார். மூன்று மாதப் பெட்ரோல் கணக்கைக் கூட்டிப் பார்த்த அன்று அம்மகிழ்ச்சி குறைந்தது. எஞ்சினைத் திறந்து பார்த்தால், தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டிலே ஒன்றுமே இல்லை! யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நிற்கும் ஒரு சிறு கதவு. அதனுள் செப்புக் குப்பியொன்றில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் நீர் குறிப்பிட்ட வெப்பத்தை அடைந்ததும் மெழுகு உருகி விரிந்து, கதவைத் தள்ளித் திறக்கும்; நீர் ரேடியேட்டருக்குச் சென்று குளிர்ந்து வரும். அதுவரையில் கதவு மூடியே இருப்பதால் எஞ்சின் விரைவிலே தக்க சூட்டை அடைகிறது. மெழுகுக்கு முன்னே, எளிதில் ஆவியாகும் திரவம் அடைத்த, துருத்தி போன்ற பித்தளைக் குப்பிகள் வழங்கின. மிகப் பழைய வண்டி வைத்திருப்போர் இன்றும் அவற்றைக் காணலாம். துருத்தி பழுதானால் பெரும்பாலும் திறந்தபடி நிற்கும்; மெழுகுக் குப்பி பழுதானால் பெரும்பாலும் மூடியபடி நின்று எஞ்சினைக் கொதிக்க வைக்கும்.

“நம் ஊர் வெப்பத்துக்கு இது எதற்கு?” என்று கேட்கும் மெக்கானிக்குகள் உண்டு. இந்தச் சொல்லைக் கேட்டே பல வண்டிகளில் அது காணாமற் போயிற்று. நமக்கு 32 டிகிரி புழுக்கமாகத் தோன்றலாம். 82 டிகிரியில் நன்கு இயங்குமாறு செய்யப்பட்ட எஞ்சினுக்கோ அது கடுங்குளிர். குளிர்ந்த எஞ்சின் அதிகப் பெட்ரோலைக் குடிக்கும்; எண்ணெயிலே ஈரம் தங்கும்; சிலிண்டர் விரைவில் தேயும். அன்றியும் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு மற்றொரு குறுக்கு வழியை மூடும் வேலையையும் செய்கிறது. அங்கே அதைக் கழற்றினால், சுடுநீர் ரேடியேட்டரை எட்டாமலே ஒரு பகுதி சுற்றிச் சுற்றி வரும். குளிர்ச்சிக்கென்று கழற்றியது கொதிப்பில் வந்து முடியும்.

ஆகவே வண்டியை வாங்குமுன் காலையிலே, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, சென்று பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேற்குழாயை, விசிறியில் கை படாதவாறு, தொட்டுப் பார்க்க வேண்டும். சில நிமிடங்கள் குழாய் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரெனச் சூடேறினால் கதவு இருக்கிறது, வேலையும் செய்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் ஒன்று அது இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. முள் சிவப்பை நெருங்கியும் மேற்குழாய் குளிர்ந்தே இருந்தால் உடனே எஞ்சினை நிறுத்துக. எக்காரணத்தாலும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. பிந்திய கால வண்டிகள் சிலவற்றில் தெர்மோஸ்டாட் கீழ்க்குழாயின் பக்கம் இருக்கும். அங்கே இச்சோதனை இப்படியே பொருந்தாது.

இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? எது இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். கழற்றியெடுத்தால் விளிம்பிலோ குப்பியின் அடியிலோ ஓர் எண் பொறித்திருக்கும். 82 என்றால் 82 டிகிரி செண்டிகிரேடில் திறக்கத் தொடங்கும். பழைய சாமான்களில் 180 என்றிருந்தால் மிரள வேண்டாம். அது பாரன்ஹீட், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இங்கிலாந்தின் எம்.ஜி.பி. காருக்கு வெப்ப நாடுகளில் 74, பொதுவாக 82, குளிர் நாடுகளில் 88 என மூன்று வகை வழங்கின. வெப்ப நாட்டுக்கும் அவர்கள் ஒன்றை வைத்தார்கள், வெறுங்கூட்டை விடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நம் அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். ஆனால் 1990களில் அம்பாசடரிலே இசுசு எஞ்சினும் வந்தது. வெளியே ஒரே உருவம், உள்ளே வேறு எஞ்சின், வேறு தெர்மோஸ்டாட். கடையிலே காரின் பெயரை மட்டும் சொன்னால் தவறான சாமான் கைக்கு வரும். எஞ்சின் எண்ணையும் விளிம்பின் குறுக்களவையும் எழுதிக்கொண்டு, பழையதையும் எடுத்துச் செல்வதே நன்று.

எண் அழிந்து போயிருந்தால் அடுப்படிதான் பரிசோதனைச்சாலை. ஒரு பாத்திரத்து நீரில் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாதவாறு தொங்கவிட்டு, நீரின் வெப்பத்தை அளக்கும் தெர்மாமீட்டரையும் வைத்து (காய்ச்சல் பார்ப்பது உதவாது), மெல்லச் சூடேற்றுக. கதவு பிளவுபடும் நேரத்து அளவே அதன் எண். நீர் கொதித்த பின்னும் திறக்கவில்லையெனில் தூக்கி எறிய வேண்டியதே. அந்தப் பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கலாகாது. கூலண்ட் நஞ்சு, இனிப்பானது, ஆகையால் குழந்தைகளுக்கும் எட்டக் கூடாது. நம் அன்பர் எடுத்தது இல்லத்தரசியின் பால் பாத்திரம். அவ்விவகாரம் இன்னும் தீரவில்லை.

புதிதாகப் பொருத்தும்போது விளிம்பில் காற்றுப் போகும் சிறு துளை இருந்தால், எஞ்சினின் குறிப்பேட்டில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அது மேற்புறம் அமைய வேண்டும். காஸ்கெட்டும் புதிதாயிருக்க வேண்டும். அன்பரின் வண்டிக்குக் குறிப்பேட்டில் கண்டபடி 82 வாங்கிப் பொருத்தினோம். அடுத்த ஞாயிறன்று நாகர்கோவிலுக்குப் புறப்பட்டவர், முள் நடுக்கோட்டுக்கு ஏறியதைக் கண்டு அஞ்சி, பாலராமபுரத்திலேயே வண்டியை ஓரங்கட்டி எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அந்த முள்ளை அங்கே கண்டது அதுவே முதல் முறை.