ஒரே தகட்டில் பல நிறங்கள்

திருப்பூர், அவினாசி, பல்லடம் வட்டாரப் பள்ளிகளில் அச்சுக்கலையை நாம் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பல பிள்ளைகளின் வீட்டில் யாரேனும் ஒருவர் பனியன் பிரிண்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போகிறார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஸ்கிரீன் வழியாக மையைத் தேய்த்து இறக்கினால் பனியனில் படம் விழும். மூன்று நிறம் என்றால் மூன்று சட்டம் வேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் படம் கெட்டுவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் சொல்லும். அதே பிள்ளை ஓவிய நோட்டைத் திறந்ததும், “எனக்கு வரைய வராதுங்க சார்” என்று ஒதுங்கிக்கொள்ளும். கரும்பலகைப் படத்தை அச்சு அசலாக எடுப்பதுதான் வரைவது என்ற எண்ணம் அதற்குள் ஊறியிருக்கும். அந்த எண்ணத்தைத் தளர்த்தக் கிருஷ்ணா ரெட்டியின் சோதனைகள் நமக்கு உதவும்.

கிருஷ்ணா ரெட்டி 1925இல் சித்தூர் மாவட்டம் நந்தனூரில் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். பிறகு லண்டனிலும் பாரிசிலும் சிற்பம் படித்தார். பாரிசில் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர் நடத்திய ‘அட்டெலியே 17’ என்னும் அச்சுக்கூடத்தில் சேர்ந்த பின்னர்தான் அவருடைய பெயர் உலகுக்குத் தெரிந்தது.

திருப்பூர் பட்டறைக்காரரும் வியக்கும் வேலை அங்கே நடந்தது. நிறத்துக்கு ஒரு தகடு என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, எல்லா நிறங்களையும் ஒரே தகட்டில் ஏற்றி ஒரே அழுத்தத்தில் தாளில் இறக்கினார்கள். ரெட்டியும் கைக்கோ மோத்தி என்ற மற்றோர் இந்தியரும் இந்த முறையை உருவாக்கியதில் முன்னின்றவர்கள்.

இதன் சூட்சுமம் எண்ணெயில் இருக்கிறது. முதலில் தகட்டைப் பல ஆழங்களில் செதுக்க வேண்டும். ஆளி விதை எண்ணெயை அதிகம் கலந்து இளக்கிய மையைக் கடினமான உருளையால் உருட்டினால் அது மேடுகளில் மட்டும் படியும். எண்ணெய் குறைந்த கெட்டி மையை மெத்தென்ற உருளையால் அதன்மேல் உருட்டினால் உருளை பள்ளங்களுக்குள்ளும் இறங்கி அங்கே நிறத்தை விட்டுவரும். மேட்டில் ஏற்கெனவே எண்ணெய்ப் படலம் இருப்பதால் கெட்டி மை அங்கே ஒட்டாது. ஆகவே நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை. சிற்பியாக இருந்ததால்தான் ரெட்டிக்குத் தகடு தட்டையான பரப்பாகத் தெரியாமல் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது என்று எனக்குத் தோன்றும். 1963இல் செய்த ‘நீர்ச்சுழல்’ படத்தில் தண்ணீர் சுழலும் வேகத்தை அப்படிச் செதுக்கியே கொண்டுவந்தார். பின்னாளில் செய்த ‘பெருங்கோமாளி’ தகட்டிலிருந்து வெவ்வேறு நிறச் சேர்க்கைகளில் பல பிரதிகளை எடுத்தார். அவற்றில் எது சரியான படம் என்று கேட்க முடியாது. நம் வகுப்புக்கு வேண்டியது இதுவே.

உலோகத் தகடும் அமிலமும் பள்ளிக்கு ஆகாதவை. பழைய அட்டைப்பெட்டி போதும். அட்டைத் துண்டில் நூல், வேப்பிலை, பனியன் கட்டிங் துணி, சணல் என்று பிள்ளைகள் விரும்பியதை வெட்டி ஒட்டட்டும். இதுவே ஓர் ஒட்டுப்படம். அதன்மேல் மெல்லியதாகப் பசை தடவிக் காயவிட்டால் அட்டை மையை உறிஞ்சாது. பிறகு கெட்டியான போஸ்டர் கலரை ஸ்பாஞ்சால் ஒற்றி, லேசாக ஈரப்படுத்திய தாளை மேலே வைத்துத் தம்ளரின் அடிப்பாகத்தால் தேய்த்தால் அச்சு விழும். (மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தாளை வைப்பதற்குள் வண்ணம் காய்ந்துவிடும்.) முதல் பிரதி பெரும்பாலும் திட்டுத்திட்டாக இருக்கும். மூன்றாவது, நான்காவது பிரதிக்குள் எவ்வளவு வண்ணம், எவ்வளவு அழுத்தம் என்று பிள்ளைகளே பேசத் தொடங்கிவிடுவார்கள். தங்கள் பெயரின் முதல் எழுத்தை ஒட்டியவர்களுக்கு அது இடவலம் மாறி விழும். அப்போது கண்ணாடிப் பிம்பத்தையும் சமச்சீரையும் பற்றிப் பேசலாம்.

விரலால் தடவி அறியக்கூடிய வேலை என்பதால் பார்வைக் குறைபாடுள்ள மாணவரும் இதில் முழுமையாகப் பங்கேற்கலாம். சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்த பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன் பிறகும் அவர் தொட்டுணர்ந்தே வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டுப்படங்கள் செய்தார். 1972இல் ஓடுகள் பதித்த பெரிய சுவரோவியம் ஒன்றையும் முடித்தார்.

எதை ஒட்டுவது என்று திகைக்காமல் இருக்கக் குறிப்பேடு வேண்டும். நந்தலால் போஸ் அஞ்சலட்டை அளவுத் தாள்களில் அன்றாடம் கண்டதை வரைந்துவந்தவர். 1930இல் வெளியான தாகூரின் வங்காளப் பாலபாடமான ‘சஹஜ் பாட்’டுக்கு அவர் லினோலியத்தில் செதுக்கித் தந்த எளிய படங்களில் அந்தப் பழக்கத்தின் பலனைக் காணலாம். நம் பிள்ளைகளுக்குக் காங்கேயம் காளையின் திமில், தறியில் ஓடும் நாடா, மஞ்சள் கிழங்கின் கணுக்கள் எல்லாம் வரையத் தக்கவை. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். இந்தக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் திருத்தவும் மதிப்பெண் போடவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திருத்தத் தொடங்கினால் அது இன்னொரு ஓவிய நோட்டாகிவிடும்.

அச்சுத் தாள்களைச் சுவரில் மாட்டும்போது பக்கத்திலேயே அட்டையையும் மாட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரில் பிரிண்டிங் தொழிலாளர் ஒருவர் இருந்தால் அரை மணி நேரம் வகுப்பில் பேச அழைக்கலாம். நிறத்துக்கு நிறம் சட்டத்தை எப்படிப் பொருத்துகிறார் என்பதை நம்மைவிட அவர் தெளிவாக விளக்குவார்.