ஊர் திரும்பும் டிக்கெட் யார் கையில்?

தென் அந்தமானில் புரோத்ராபூர் என்றதும் அங்குள்ள சிறைச்சாலைதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். மதிலும் பூட்டும் காவலும் உள்ள இடம் அது. உள்ளே இருப்பவர் நினைத்தபோது வெளியே வர முடியாது. ஆனால் மதிலும் பூட்டும் இல்லாமலே ஒரு மனிதனை வேலைத்தலத்தில் கட்டிப்போட முடியுமா? முடியும். அதற்கு ஒரு சிறு கடனும், நாலு பக்கமும் கடலும் போதும்.

சென்னையில் கப்பல் ஏறினால் தீவுகளின் தலைநகரை அடைய ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய ஊர் அது. கட்டட வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஒருவர், வீட்டுச் செலவுக்கென்று முன்பணம் கொடுத்து, டிக்கெட்டும் தானே எடுத்து ஓர் இளைஞனை அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலை தொடங்கியதும் முன்பணம், டிக்கெட் இரண்டும் கணக்கில் ஏறும். பிறகு சாப்பாடு, தங்குமிடம், மருந்து என்று கணக்கு வளரும். "பத்திரமாக இருக்கட்டும்" என்று ஆதார் அட்டையும் மேஸ்திரியின் பெட்டிக்குள் போய்விடும்.

மூன்று மாதம் கழித்து ஊரிலிருந்து செய்தி வருகிறது. "அண்ணே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு நடை போய் வந்துடறேன்" என்கிறான் பையன். "தாராளமா போப்பா, கணக்கை முடிச்சுட்டுப் போ" என்று பதில் வருகிறது. அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில் அவன் கைதியாகிவிட்டான்.

எல்லா மேஸ்திரிகளும் இப்படிப்பட்டவர்கள் அல்லர். சொந்த ஊர்க்காரரை அழைத்து வந்து வாழவைத்தவர்கள் தீவுகளில் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆயினும் ஒருவர் நல்லவராக இருந்தால்தான் தொழிலாளி தப்பிக்க முடியும் என்றால், முறையிலேயே கோளாறு இருக்கிறது என்று பொருள்.

பழைய கதை

இந்தத் தீவுகள் அந்தக் கோளாறை நன்கு அறிந்தவை. 1858-ல் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியேற்றத்தை அமைத்தபோது காட்டை வெட்டியதும், சாலை போட்டதும் கைதிகள்தாம். 1883-ல் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை வந்தது. அந்தமான் படாக் மரம் லண்டன் வரை சென்றது. பளபளக்கும் மேஜையை வாங்கியவர், மரத்தை வெட்டியவன் யார் என்று கேட்டிருப்பாரா?

தமிழர்களுக்கும் இது புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்றவர்கள் கடனோடுதான் தோட்டத்தில் கால் வைத்தார்கள். கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டத்துக்கே ஆள் மாற முடியும். 1921-ல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. சீட்டு போனது, கணக்கு நோட்டு மட்டும் வேறு வேறு இடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஒரு ரூபாய் வழக்கு

1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்கங்களும் மேம்பாலங்களும் அவசரமாக எழுந்தன. அப்போது குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ரூ.9.25. ஒப்பந்தக்காரர்கள் அதை ஆள் பிடித்து வந்த ஜமாதார்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு ரூ.8.25 கொடுத்தார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் எழுதிய கடிதத்தையே சுப்ரீம் கோர்ட் மனுவாக ஏற்றது.

தவறு ஒப்பந்தக்காரருடையது, எங்களுடையது அல்ல என்று அதிகாரிகள் தரப்பில் வாதம் எழுந்தது. நீதிபதி பி.என்.பகவதி வழங்கிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வறுமையால் வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பது, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது. வேலையைக் கொடுத்தவர்கள், இடையில் ஆள் இருக்கிறார் என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்பதும் தெளிவாயிற்று.

சட்டம் தரும் காவல்

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை. அது அத்தகைய கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் மேல்தான் விழும். குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. புகாரை மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்கலாம். கட்டாய உழைப்புக்கு ஆளானவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமையும் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வெளிமாநிலத் தொழிலாளரை வைத்திருக்கும் நிறுவனம், விதிகளுக்கு உட்பட்டு அவர்கள் ஊர் சென்று திரும்பும் பயணப்படி தர வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் தலைமை நிறுவனமே கொடுக்க வேண்டும். ஆனால் இந்த ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கே பொருந்தும். சிறு சிறு ஒப்பந்தங்களாகப் பிரிந்து நடக்கும் வேலைகளில் கம்பெனியின் சொந்தக் கண்காணிப்பே முக்கியக் காவல்.

கம்பெனி என்ன செய்யலாம்?

முதல் வேலை கணக்குப் போடுவது. ஐம்பது பேர் அறுபது நாள் செய்யும் வேலை என்றால் 3,000 ஆள்நாள். அதைக் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கினால் வரும் தொகைக்கும் கீழே ஒருவர் கூலிக்கான டெண்டர் போட்டால், அது மலிவு அல்ல. யாரோ ஒருவருடைய கூலி விழுங்கப்படப் போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு.

வரும் செலவு, திரும்பும் செலவு இரண்டையும் நிறுவனமே ஏற்பது நல்லது. கூலி நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ஏ.டி.எம். கார்டும் ஆதார் அட்டையும் அவர் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் இல்லாத நேரத்தில், தமிழோ தெலுங்கோ வங்காளியோ இந்தியோ, அவரவர் மொழியில் "கடன் எவ்வளவு? நாளைக்கே ஊர் போகலாமா?" என்று கேட்டால் போதும், பாதி உண்மை வெளிவந்துவிடும்.

தவறு தெரிந்தவுடன் ஒப்பந்தத்தை ரத்து செய்து கை கழுவுவது சரியன்று. ஒப்பந்தக்காரர் வேறு வேலைக்குப் போய்விடுவார். தொழிலாளிதான் கடற்கரையில் நிற்பார். பாக்கிக் கூலியைக் கொடுத்து, விரும்புவோரை ஊர் சேர்த்த பிறகே மற்ற நடவடிக்கை.

உலகமும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் 2021-ல் 2 கோடியே 76 லட்சம் பேர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. பிரிட்டன் 2015-லேயே பெரிய நிறுவனங்களிடம் ஆண்டுதோறும் இதுபற்றி அறிக்கை கேட்கச் சட்டம் செய்தது. கட்டாய உழைப்பில் உருவான பொருளை விற்கத் தடை விதிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வர இருக்கிறது.

அந்தச் சட்டங்களெல்லாம் புரோத்ராபூரில் கல் சுமக்கும் பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றும் அன்றே அவன் கப்பல் ஏற முடியுமா? முடியும் என்றால் அவன் தொழிலாளி. முடியாது என்றால், அவன் கட்டும் வீட்டுக்குச் சொந்தக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தச் சுவரில் ஒரு சிறையின் செங்கல் கலந்திருக்கிறது.