எரிவாயுக் கிணறும் கண்ணுக்கெட்டும் தூரமும்

திருச்சி மலைக்கோட்டையின் படிகளில் ஏறி, உச்சிப் பிள்ளையார் கோயிலை அடைந்து, மூச்சு வாங்க வடக்கே திரும்பிப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறப்பதில்லை. கீழே காவிரி. அக்கரையில் தென்னையும் வாழையும் வீடுகளுமாக ஸ்ரீரங்கம் தீவு. அதன் நடுவே 1987-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பதின்மூன்று நிலை ராஜகோபுரம். அதற்கும் அப்பால் கொள்ளிடத்தின் மணல். இந்தக் காட்சி தனி ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஏழை, பணக்காரர், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் உரிய பொதுச் சொத்து அது.

இதே காட்சியில், ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில், இயற்கை வாயு எடுப்பதற்காகத் துளையிடும் இரும்புக் கோபுரம் ஒன்று நிற்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். காட்சி எவ்வளவு மாறும்? எத்தனை நாளைக்கு மாறும்? "அழகு கெட்டுவிடும்" என்று ஒருவர் சொல்வார். "ஒரு கம்பம்தானே, என்ன குறைந்துவிடும்?" என்று மற்றவர் கேட்பார். இருவர் சொல்வதும் அபிப்பிராயமே. ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு பெரும் பகுதியை அளந்தே விடை காண முடியும். அதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

வாயு எங்கே இருக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மலைக்கோட்டையின் அடியில் வாயு இல்லை. அந்தக் குன்று மிகப் பழமையான கெட்டிப் பாறை. எண்ணெயும் வாயுவும் சாதாரணமாகப் படிவுப் பாறைகளில்தான் தங்கும். கடலிலும் ஆற்று முகத்திலும் அடுக்கடுக்காகப் படிந்த மணலும் சேறும் இறுகி உண்டானவை அப்பாறைகள். அவற்றுள் புதைந்த நுண்ணுயிர்களும் தாவர எச்சங்களும் பூமியின் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின.

அத்தகைய பாறைகள் திருச்சிக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் தொடங்குகின்றன. கல்லக்குடியின் சுண்ணாம்புக் கல்லும், அரியலூர்ப் பக்கத்தில் கிடைக்கும் கடற்பிராணிகளின் புதைபடிவங்களும் ஒரு காலத்தில் கடல் அதுவரை வந்திருந்தது என்பதற்குச் சான்று. அங்கிருந்து கடற்கரையை நோக்கிச் செல்லச் செல்லப் படிவுகளின் கனம் பொதுவாகக் கூடுகிறது. இப்பகுதியைக் காவிரிப் படுகை என்று புவியியலார் அழைக்கிறார்கள். எண்ணெய் இயற்கை வாயு ஆணையம் 1960-களில் இங்கே ஆழ்துளைகள் இடத் தொடங்கியது. 1985-ஆம் ஆண்டில் நரிமணத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டது. பிறகு கோவில்களப்பால், அடியக்கமங்கலம், குத்தாலம் முதலிய ஊர்களின் பெயர்களும் எண்ணெய், வாயு வரைபடத்தில் ஏறின.

ஆகவே கோபுரங்கள் எழுந்தது திருச்சியில் அன்று, டெல்டாவின் வயல்வெளியில். மலைக்கோட்டையை நாம் எடுத்துக்கொள்வது, காட்சியை அளக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது என்பதால்.

கோபுரம் ஏன் அவ்வளவு உயரம்?

துளையிடும் குழாய் ஒவ்வொன்றும் சுமார் 9 மீட்டர் நீளம். கிணறோ இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் ஆழம் போகும். அடியில் பாறையைக் குடையும் பல் தேய்ந்துவிட்டால், குழாய்கள் அனைத்தையும் மேலே இழுத்து, பல்லை மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். ஒவ்வொரு குழாயாகக் கழற்றினால் பொழுது போதாது. எனவே மூன்று மூன்றாகக் கழற்றி நிறுத்தி வைக்கிறார்கள். மூன்று குழாய் சேர்ந்தால் 27 மீட்டர். அதைத் தூக்கி நிறுத்தக் கப்பி, கொக்கி, மேடை எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். ஆகக் கோபுரம் தரையிலிருந்து சுமார் 45 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. அழகுக்காகவோ ஆடம்பரத்துக்காகவோ வந்த உயரம் அல்ல அது. வேலையின் தேவையால் வந்த உயரம்.

சுண்டுவிரல் கணக்கு

ஒரு பொருள் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது அதன் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் கோணமே அதை முடிவு செய்கிறது.

கையை முழுவதும் நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்துங்கள். அதன் அகலம் ஏறத்தாழ ஒரு டிகிரி. முழு நிலவின் அகலம் அதில் பாதி, அரை டிகிரி. மலைக்கோட்டை உச்சியிலிருந்து ராஜகோபுரம் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. அதன் உயரம் சுமார் 72 மீட்டர். கணக்கிட்டால் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம் வருகிறது. அதாவது, சுண்டுவிரலைப் படுக்கை வசமாகப் பிடித்தால் கோபுரத்தை ஏறக்குறைய மறைத்துவிடலாம்!

45 மீட்டர் துளையிடு கோபுரம் இரண்டரை கிலோமீட்டரில் இருந்தால் ஒரு டிகிரி, அதாவது ஒரு சுண்டுவிரல். ஐந்து கிலோமீட்டரில் அரை டிகிரி, ஒரு நிலவின் அளவு. பத்து கிலோமீட்டரில் அதிலும் பாதி. முப்பது கிலோமீட்டரில் டிகிரியின் பன்னிரண்டில் ஒரு பங்கு. நல்ல கண்ணுக்கு அதுவும் தெரியக்கூடிய அளவுதான். ஆனால் இடையிலுள்ள காற்றில் தூசியும் நீராவியும் இருப்பதால் பொருளின் நிறம் வெளிறி, வானத்தின் நிறத்தோடு கலந்துவிடும். பெரும்பாலான நாட்களில் பகல் வேளையில் அவ்வளவு தூரத்தில் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பூமியின் வளைவு

தூரத்துக்கு இன்னோர் எல்லையும் உண்டு. பூமி உருண்டை ஆதலால், ஓர் அளவுக்கு அப்பால் தரை கீழே வளைந்து மறைகிறது. நாம் நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.6-ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் உள்ளது என்பது தோராயமாகக் கிடைக்கும். மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். வர்க்கமூலம் சுமார் 9.1. எனவே அடிவானம் 33 கிலோமீட்டரில். 45 மீட்டர் கோபுரத்தின் உச்சிக்கும் இதே கணக்கைப் போட்டால் 24 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 57. சமவெளியில் அந்தத் தூரத்துக்கு அப்பால் உள்ள கோபுரத்தின் உச்சிகூட மலைக்கோட்டையிலிருந்து தெரியாது.

குத்தாலம் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கோபுரம் மலைக்கோட்டையிலிருந்து தெரிய வேண்டுமானால் அது சுமார் 325 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். ராஜகோபுரத்தைப் போல் நாலரை மடங்கு! ஆகவே மலைக்கோட்டைக் காட்சிக்கு அங்கிருந்து ஆபத்தில்லை.

ஆனால் டெல்டாவிலேயே நிற்பவரின் நிலை வேறு. கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்தில் இராமர் பாதம் என்ற மேடு உள்ளது. உயரம் நான்கு மீட்டர் அளவுதான். அந்தத் தட்டையான புல்வெளியில் அதுவே உயர்ந்த இடம். அதன்மீது நிற்பவரின் கண்ணுக்கு, மரங்கள் மறைக்காத திசையில், 45 மீட்டர் கோபுரத்தின் உச்சி முப்பது கிலோமீட்டர் வரையிலும் அடிவானத்துக்கு மேல் நிற்கும். வெளிமான்கள் மேயும் அந்த வெளியில் கோடு எல்லாம் படுக்கைக் கோடு. அங்கே செங்குத்தாக ஒரு கோடு எழுந்தால் கண் முதலில் அதனிடமே போகும்.

தென்னை மறைக்கும்

இயற்கை தந்திருக்கும் திரை ஒன்றும் இருக்கிறது. வயலோரத்தில் நிற்கிறீர்கள். உங்களுக்கு 100 மீட்டர் முன்னால் 15 மீட்டர் உயரத்தில் அடர்ந்த தென்னந்தோப்பு. ஒத்த முக்கோணங்களின் விதிப்படி, 320 மீட்டருக்கு அப்பால் இருக்கும் 45 மீட்டர் கோபுரம் முழுவதும் அந்தத் தோப்பின் பின்னால் மறைந்துவிடும்! அதனால்தான் காவிரிக் கரை ஊர்களில் கோபுரம் திடீரென்று ஒரு திருப்பத்தில் தெரிந்து, அடுத்த திருப்பத்தில் காணாமல் போகிறது.

உயரத்தில் ஏறிவிட்டால் இந்தத் திரை உதவாது. உயரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கோபுரத்தைவிட அது நிற்கும் தரைதான் கண்ணில் படும். ஒரு கிணற்றுக்காகச் சுமார் 100 மீட்டர் நீள அகலத்தில் இடத்தைச் சமன் செய்து, சரளை பரப்புவதாகக் கொள்வோம். மலைக்கோட்டையிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் அந்தச் சதுரம் சாய்வாகத் தெரிவதால் மெல்லிய கோடாக ஒடுங்கிவிடும். ஆனால் 250 மீட்டர் உயர மலை விளிம்பில் நின்று ஒரு கிலோமீட்டருக்குள் பார்த்தால் ஐந்தரை டிகிரி அகலமாய், ஐந்து சுண்டுவிரல்களுக்கு மேல், பச்சை நடுவே வெட்டிய கட்டமாகத் தெரியும்.

இரவின் கதை

பகலில் மறையும் பொருள் இரவில் வெளிப்படுகிறது. கோபுரம் இரவிலும் வேலை செய்வதால் விளக்குகள் எரியும். இவற்றோடு, கிணற்றைச் சோதிக்கும்போதும், குழாய்வழி இல்லாத இடங்களிலும், வெளிவரும் வாயுவை ஒரு தண்டின் நுனியில் எரித்துவிடுவார்கள். இருட்டில் இந்தச் சுடர் வெகு தூரம் தெரியும். நம் கண் இருளுக்கு முழுவதும் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பிரகாசமான சுடரை ஒரு கணம் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். மங்கலான நட்சத்திரங்கள் மறைந்து போகும்.

கோபுரம் போன பிறகு

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். கண்ணுக்கு மிகப் பெரிதாகத் தெரியும் கோபுரம் நிரந்தரமானதன்று. சில வாரங்களிலோ மாதங்களிலோ துளையிடும் வேலை முடிந்ததும் அதைப் பிரித்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பின்னால் எஞ்சுவது ஆளுயரத்துக்குச் சற்று மேலான வால்வுகளின் அடுக்கு. கிளை கிளையாக இருப்பதால் எண்ணெய்த் தொழிலில் அதற்குக் கிறிஸ்துமஸ் மரம் என்று பெயர்! அதை ஒரு வேலி, ஒரு தோப்பு மறைத்துவிடும்.

ஆனால் சரளைத் தரை, லாரி போகும் சாலை, வாயுவைச் சேர்க்கும் நிலையம், நிலத்தடிக் குழாய் செல்லும் தடம் இவை பல ஆண்டுகள் நிற்கும். பெரிதாகத் தெரிவது சீக்கிரம் போய்விடுகிறது. சிறிதாகத் தெரிவது தங்கிவிடுகிறது. கோபுரத்தைக் கண்டு பதறுகிறவரும், கோபுரம் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைப்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். இருவரும் கண்ணை மட்டும் நம்புகிறார்கள்.

கண்ணுக்கே தெரியாதவையும் உண்டு. கசியும் மீத்தேனுக்கு நிறமில்லை. நிலத்தடி நீரின் மாற்றம் மலை உச்சியிலிருந்து தெரியாது. 2017-ஆம் ஆண்டில் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் போராடியது காட்சிக்காக அன்று, மண்ணுக்காகவும் நீருக்காகவும். 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றப்பட்டு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய், வாயுத் திட்டங்கள் தடை செய்யப்பட்டன. முன்பே நடந்துவரும் பணிகளுக்கு அத்தடை பொருந்தாது. எனவே பழைய கிணறுகள் இன்னும் காட்சியின் ஒரு பகுதியாகவே இருக்கின்றன.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்கா உள்ளது. பூங்காவுக்குள் கிணறு தோண்டவில்லை. ஆனால் 2008-க்குப் பின் சுற்றுப்புறத்தில் எண்ணெய் வேட்டை பெருகியபோது, எல்லைக்கு வெளியே எரிந்த சுடர்கள் பூங்காவின் இரவு வானத்தை மாற்றின. அந்த வட்டாரத்தின் ஒளியைச் செயற்கைக்கோள் படங்களிலும் காணலாம். பூங்காவுக்கு வேலி போடலாம். காட்சிக்கு வேலி போட முடியாது என்பதே இதன் பாடம்.

அந்நாட்டின் நில நிர்வாகப் பணியகம் காட்சியை அளக்க ஒரு முறை வகுத்துள்ளது. புதிதாக வரும் பொருள் சுற்றுப்புறத்திலிருந்து வடிவம், கோடு, நிறம், இழைநயம் ஆகிய நான்கிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். மக்கள் நிற்கும் இடங்களிலிருந்து தூரத்தையும் கணக்கில் கொள்கிறார்கள். அதைப் பொறுத்து இடத்தைச் சற்று நகர்த்துவதும், தொட்டிகளுக்கு மண்நிறம் பூசுவதும், ஒரே தளத்திலிருந்து பக்கவாட்டில் பல கிணறுகளைத் துளைத்துத் தளங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும் நடக்கின்றன. இவை சேதத்தைக் குறைக்குமே தவிர இல்லாமல் ஆக்கிவிடா.

நீங்களும் அளக்கலாம்

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. அடுத்த முறை மலைக்கோட்டைக்கோ, முக்கொம்புப் பூங்காவுக்கோ, உங்கள் ஊர்க் குளக்கரைக்கோ போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் நின்று, அடிவானத்தைக் கோடாக வரைந்து, அதற்கு மேல் எழும் ஒவ்வொன்றையும் குறியுங்கள். கோயில் கோபுரம், தென்னை வரிசை, நீர்த்தொட்டி, செல்பேசிக் கம்பம் ஒவ்வொன்றும் எத்தனை சுண்டுவிரல் உயரம் என்று எழுதுங்கள். தேதியும் நேரமும் போடுங்கள். இரவில் ஒரு முறை சென்று எத்தனை விளக்குகள் தெரிகின்றன என்றும் எண்ணுங்கள்.

நாளை அந்தத் திசையில் ஏதேனும் ஒன்று, எரிவாயுக் கிணறோ, கல்குவாரியோ, வேறு தொழிற்சாலையோ வருவதாகச் செய்தி வந்தால், அதன் உயரத்தையும் தூரத்தையும் கேட்டறிந்து அந்தப் படத்தில் நீங்களே வரைந்துவிடலாம். எத்தனை மாதம் நிற்கும், போன பின் என்ன தங்கும் என்றும் கேட்கலாம். முன்பு எப்படி இருந்தது என்று எவரும் குறித்து வைக்காத காட்சி மாறினால், மாறியது எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது.