ஆங்கிலத் தொகைப் பெயரடைகள்: அசையும் அழுத்தமும்

கலஹாவை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்திலே 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். தேயிலை விளையும் இத்தகைய நாட்டை ஆங்கிலத்தில் 'டீ-குரோயிங்' என்னும் தொகைப் பெயரடையாற் சுட்டுவர். இம்மலைச்சாரலில் வளரும் மாணவர் அச்சொல்லைப் பிழையின்றி எழுதுவர். எவ்வசையை அழுத்தி உரைப்பது என்பதிலோ இடர்ப்படுவர். பிறர் நகைப்பரென அஞ்சி, அறிந்த சொல்லையும் வாய்விட்டுக் கூறாது அடங்குவாரும் உளர்.

இவ்விடர்ப்பாட்டுக்குக் காரணம் அறிவுக் குறைவன்று. இருமொழிகளின் இயல்பு வேற்றுமையே. தமிழில் நேரசை, நிரையசை என்னும் பாகுபாடு குறில், நெடில், ஒற்று என்பவற்றைப் பற்றியது. சொற்பொருளை வேறுபடுத்தும் அழுத்தம் தமிழுக்கு இல்லை. ஆங்கிலத்திலோ ஓரசை ஏனையவற்றினும் மேலோங்கி ஒலிக்கும். கேட்போர் சொல்லை இனங்காண்பதற்கு அதுவும் பெருந்துணையாகும்.

அசை பிரிக்குங்கால் எழுத்துகளை எண்ணாது உயிரொலிகளை எண்ணுதல் வேண்டும். 'ஹோம்-மேட்' ஈரசைச் சொல். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆதலின் தமிழர் நா ஈற்றில் உகரம் சேர்த்து, 'ஹோம்-மேடு' என அதனை மூவசையாக்கி விடுகின்றது. 'ஓல்ட்-ஃபாஷன்ட்' மூவசைச் சொல். அதன் ஈற்றயலில் எழுதப்படும் 'ஈ' என்னும் எழுத்து ஒலிப்பதில்லை.

இனி, அழுத்தம். செயப்படுபொருளாகிய பெயரை 'இங்' ஈற்றுச் சொல் தொடருமாயின், பெரும்பாலும் முதற்சொல்லே அழுத்தம் பெறும். 'டீ-குரோயிங்', 'டைம்-கன்ஸ்யூமிங்' என்பன இவ்வகையின. பண்புச்சொல்லோடு 'எட்' ஈறு பெற்ற பெயர் சேருமாயின், முதன்மையழுத்தம் பெரும்பாலும் இரண்டாஞ் சொல்லில் அமையும். 'குட்-நேச்சர்ட்', 'ஓல்ட்-ஃபாஷன்ட்' என்பன அதற்குச் சான்று.

'வெல்-நோன்' போன்ற சொற்களில் அழுத்தம் இடம்பெயர்தலும் உண்டு. 'அவ்வெழுத்தாளர் புகழ்பெற்றவர்' என்னும் பொருள்பட வாக்கிய இறுதியில் நிற்கும்போது 'நோன்' மேலோங்கும். 'ரைட்டர்' என்னும் பெயர்க்கு முன் அடையாய் நிற்கும்போதோ 'வெல்' மேலோங்கும். வலிய அழுத்தங்கள் இரண்டு அடுத்தடுத்து மோதுவதை ஆங்கில ஓசை தவிர்க்க முயல்வதே இதன் காரணம்.

1917இல் வெளிவந்த டானியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி போன்றவை ஐயந்தீர்க்க உதவும். ஆயினும் சொல்லைத் தனியே மட்டுமன்றி வாக்கியத்தில் வைத்தும் உரக்கப் பயிலுதல் இன்றியமையாதது. ஆங்கிலேயர் குரலைப் போலி செய்வது கற்றலின் நோக்கமன்று. கூறக் கருதியது கேட்போர்க்குத் தெளிவாக விளங்குவதே அதன் பயன்.