கயாக்: சிறு படகும் பெருங்கவனமும்

ஆங்கிலம் தமிழிடமிருந்து பெற்ற சொற்களுள் ‘கட்டுமரம்’ ஒன்று. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, சோழமண்டலக் கரையில் வழங்கிய இந்த மிதவையைப் பற்றி 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதியுள்ளார். பின்னாளில் அச்சொல் பொருள் மாறி, இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குப் பெயராயிற்று. அதேபோல் ஆங்கிலம் வேறொரு கடலோர மக்களிடமிருந்து பெற்ற சொல் ‘கயாக்’. கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா ஆகிய பனி நாடுகளில் வாழும் இனுவிட் மக்களின் வேட்டைப் படகு அது.

நான் இயற்பியல் பயிலும் மாணவன். மீனவர் குடும்பத்தில் பிறந்தவன். என் தாத்தா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். சித்தப்பா இன்று ஃபைபர் படகில் செல்கிறார். அண்மைக் காலமாகச் சென்னையை அடுத்த கோவளம், இராமேசுவரம் முதலிய இடங்களில் வண்ண வண்ணமான பிளாஸ்டிக் கயாக்குகள் கண்ணிற் படுகின்றன. விடுமுறையில் அவற்றில் ஏறி வந்த நண்பர்கள் சிலர், “இதில் தூண்டில் போடப் போகலாமா?” என்று என்னைக் கேட்டனர். அயல்நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் அவ்வாறு போகின்றனர். நாமும் போகலாம். ஆனால் எதை எடுத்துச் செல்வது, எதைக் கரையில் விட்டுச் செல்வது, எந்நாளில் போகாமலே இருப்பது என்று அறிந்தபின் போக வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வகைக் கயாக்குகள்

இனுவிட் மக்களின் கயாக், மரம் அல்லது எலும்பால் ஆன சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்யப்படுவது. நடுவில் ஒருவர் அமரும் அளவே திறப்பு இருக்கும். வேடன் தன் தோற்சட்டையின் விளிம்பை அத்திறப்பின் ஓரத்தோடு இறுகக் கட்டிக்கொள்வான். படகு கவிழ்ந்தாலும் உள்ளே நீர் புகாது. துடுப்பை ஒரு வீச்சு வீசி, படகோடு சேர்ந்து மறுபடி நிமிர்ந்துவிடுவான். 1927-இல் ஆஸ்திரியரான பவ்லாட்டா இவ்வித்தையைக் கற்றுக்கொள்ளும்வரை ஐரோப்பியருக்கு அது கைவரவில்லை.

இன்று மீன்பிடிக்கப் பெரிதும் பயன்படுவது வேறு வகை. உள்ளே அமராமல் மேலே அமரும் படகு அது. 1970-களில் கலிபோர்னியாக் கரையில் உருப்பெற்றது. பாலித்தீனை அச்சிலிட்டு, உள்ளே காற்று மட்டும் இருக்குமாறு முழுதும் மூடிய உடலாக வார்க்கிறார்கள். மேற்தளத்திலிருந்து அடிப்புறம் வரை ஊடுருவும் சில துளைகள் உண்டு. அலை மேலே ஏறினால் நீர் அத்துளைகளின் வழியே தானே வடிந்துவிடும்.

இதைக் காணும்போது எனக்கு நம் கட்டுமரமே நினைவுக்கு வந்தது. கட்டுமரத்திலும் மேலேதான் அமர்கிறோம். ஏறிய அலை மரங்களின் இடுக்கு வழியே இறங்கிவிடுகிறது. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கட்டுமரம் மிதப்பது திண்ணிய மரத்தால். கயாக் மிதப்பது அடைபட்ட காற்றால். கட்டுமரம் நீரை மெல்ல மெல்லக் குடிக்கும். ஆகவே அதைக் கரையேற்றி, கட்டவிழ்த்து, வெயிலில் உலர்த்துவார்கள். கயாக்கில் ஒரு விரிசல் விழுந்தாலோ, மூடி தளர்ந்திருந்தாலோ வெளியே தெரியாமல் உள்ளே நீர் சேரும். சேர்ந்த நீர் படகு சாயும் பக்கமே ஓடி அதை மேலும் சாய்க்கும். எனவே புறப்படுமுன் துளைகளின் ஓரத்தையும், வடிகால் அடைப்பானையும், மூடிகளையும் தடவிப் பார்ப்பது முதற்கடமை. உள்ளே தெர்மாகோல் போன்ற மிதவைப் பொருளைத் திணித்து வைப்பது அதனினும் நன்று.

படகைத் தேர்தல்

நீண்டு குறுகிய படகு விரைந்து செல்லும். குட்டையாக அகன்ற படகு ஆடாது நிற்கும். இரண்டையும் ஒருங்கே பெற முடியாது. மீன்பிடிக் கயாக்குகள் பொதுவாக 3 முதல் 4 மீட்டர் நீளமும், 75 முதல் 90 சென்டிமீட்டர் அகலமும் உடையவை. உப்பங்கழி, ஏரி போன்ற அமைதியான நீருக்குக் குட்டைப் படகு போதும். திறந்த கடலில் திரும்பி வருவதற்கு வேகம் தேவை; அங்கே நீண்ட படகே துணை.

உயர்ந்த நாற்காலி பொருத்திய படகுகளும் வருகின்றன. இடுப்பு வலிக்காது, தூண்டில் வீச வசதி என்பர். வகுப்பில் நாம் படித்த புவியீர்ப்பு மையத்தை இங்கே நினைவு கூர்க! இருக்கை உயர உயர அம்மையம் மேலேறுகிறது. படகின் உறுதி குறைகிறது. எழுந்து நின்றாலோ சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: 150 கிலோ தாங்கும் என்று படகில் எழுதியிருந்தால், ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோவோடு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. பிடிக்கப்போகும் மீனுக்கும் எடை உண்டன்றோ?

கருவிகள்: குறைவே நிறைவு

என் தாத்தா அடிக்கடி சொல்வார்: “பாதிக் கடலு கரையிலேயே இருக்குடா, தம்பி.” கடலில் நேரும் இடரில் பாதியைக் கரையில் செய்யும் ஆயத்தமே தீர்த்துவிடுகிறது என்பது அதன் பொருள். கயாக்குக்கு இம்மொழி இன்னும் பொருந்தும். கையெட்டும் தூரத்தில் இல்லாத பொருள் இல்லாத பொருளே.

தூண்டிற்கோல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். நான்கைந்து கோல்களை நட்டுவைத்தால் கவிழ்ந்த நேரத்தில் அவற்றின் தங்கூசி நரம்புகளே காலைச் சுற்றும் கண்ணிகளாகும். துடுப்பைச் சிறு கயிற்றால் படகோடு பிணைக்க வேண்டும்; துடுப்பை இழந்த கயாக் வெறும் கட்டைதான். ஆனால் அக்கயிறு நீளமாகத் தொங்கலாகாது.

கயாக்கில் மீன் வந்து விழுவது நம் மடியில். கெளுத்தியின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் என்ன செய்யும் என்பதைக் கடலோர நண்பர்கள் அறிவர். ஆகவே கைப்பிடியுள்ள சிறு வலையும், கொக்கியைக் கழற்ற நீண்ட மூக்குள்ள குறடும் வேண்டும். எதிர்முள் இல்லாத கொக்கியைப் பயன்படுத்தினால் மீனின் வாயிலிருந்தும், தவறிக் குத்திய நம் விரலிலிருந்தும் எளிதில் எடுக்கலாம். முனை மழுங்கிய கத்தி ஒன்றை நெஞ்சருகே, ஒரே கையால் உருவும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மீன் அறுப்பதற்கன்று, காலில் சுற்றிய நரம்பை அறுப்பதற்கு.

நங்கூரம் எங்கே கட்டுவது?

நீரோட்டத்தில் படகை நிறுத்த நங்கூரம் இடுவோர், வசதி கருதி அமர்ந்த இடத்திற்கு நேரே பக்கவாட்டில் கட்டிவிடுகின்றனர். இதனினும் ஆபத்தான பிழை வேறில்லை. கயிறு ஒரு விலாவைக் கீழே இழுக்க, ஓடும் நீர் படகின் முழு நீளத்தையும் தள்ள, கண் இமைக்கும் நேரத்தில் படகு கவிழும். நங்கூரக் கயிறு எப்போதும் அணியத்திலோ பின்முனையிலோதான் நிற்க வேண்டும். அமர்ந்தபடியே அதை அங்கே கொண்டு செல்ல, படகின் ஓரமாக ஒரு சுற்றுக்கயிறும் வளையமும் அமைத்துக்கொள்வார்கள். இழுத்த மாத்திரத்தில் அவிழும் முடிச்சும், கயிற்றின் நுனியில் ஒரு மிதவையும் இருந்தால், நெருக்கடியில் கயிற்றை விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

காற்றைக் கேளுங்கள்

இயந்திரமற்ற படகின் எசமானன் காற்றே. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பழகியவர் கயாக்கை மணிக்கு 5 கிலோமீட்டர் அளவில் செலுத்துவார். மணிக்கு 25 கிலோமீட்டர் காற்று எதிரே வீசினால் முன்னேறுவதே அரிது.

நம் கிழக்குக் கரையில் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கும், பிற்பகலில் கடலிலிருந்து நிலத்துக்கும் காற்று வீசும். கட்டுமரக்காரர்கள் முன்னதில் பாய் விரித்துச் சென்று பின்னதில் திரும்பினர். இக்கணக்கு எல்லா நாளும் பலிக்காது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் மேல்காற்று வலுத்த நாளில், கரையருகே கடல் பளிங்கு போல் தோன்றும். நிலத்திலிருந்து வரும் காற்றுக்கு அலை எழுப்ப அங்கே இடமில்லை, அவ்வளவே. சற்றுத் தள்ளிப் போனவனை அது மேலும் மேலும் கிழக்கே தள்ளும். கரையை நோக்கி வீசும் காற்று நம்மை நனைக்கும். கடலை நோக்கி வீசும் காற்று நம்மைக் கொண்டுபோய்விடும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிமுனையை ஒட்டிச் சென்றபோது, முன்னரே கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. அவர்கள் கடலை அறியாதவர் அல்லர். எச்சரிக்கை உரிய காலத்தில் ஆளைச் சென்றடைய வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்திற்று. வானிலைத் துறையின் அறிக்கையும், ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையத்தின் அலை, காற்று முன்னறிவிப்பும் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்தபின், எங்கே செல்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டே புறப்பட வேண்டும். கடலோரக் காவற்படையின் அவசர எண் 1554 என்பதை மனப்பாடம் செய்க. கைப்பேசியை நீர்புகா உறையில் இட்டு, படகில் அன்று, உடம்பில் கட்டிக்கொள்க. ஊதல் ஒன்றைக் கழுத்தருகே மாட்டுக. நீர்மட்டத்தோடு கிடக்கும் கயாக்கைப் பெரிய படகிலிருப்பவர் காண்பது கடினம். பளிச்சென்ற நிறத்தில் ஒரு கொடியை உயர நட்டுக்கொள்ளுதல் நன்று.

கவிழ்ந்தால்

கவிழ்வோம் என்று எண்ணியே பழக வேண்டும். இடுப்பளவு நீரில், நண்பர் அருகிருக்க, வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள். முதலில் படகைப் புரட்டி நிமிர்த்த வேண்டும். நடுவிடத்தில் நின்று இரு விளிம்புகளையும் பற்றி, கால்களைப் பின்னே நீட்டி உதைத்து, வயிறு படகின் மேல் படும்படி ஏற வேண்டும். பின் மல்லாந்து திரும்பி, அமர்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு முழங்காலை ஊன்றினால் மறுபடி கவிழும். எந்நிலையிலும் படகை விட்டு நீந்தலாகாது. தேடி வருவோர் கண்ணுக்குத் தலையைவிடப் படகே முதலில் தெரியும்.

சட்டையைப் பற்றிய வழக்கு

இறுதியாக, நான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். உயிர்காப்புச் சட்டை அணியுமாறு சித்தப்பாவிடம் ஒரு நாள் சொன்னேன். “அது நீந்தத் தெரியாதவனுக்குடா. வலை இழுக்கையிலே தடையா இருக்கு, புழுங்குது” என்றார். “தலையிலே அடிபட்டு மயங்கிட்டா நீச்சல் எங்கேருந்து சித்தப்பா வரும்?” என்றேன். விடை வரவில்லை. சட்டையைப் படகில் எடுத்துச் செல்கிறார். தலைக்கு வைத்துப் படுக்கிறார்.

இயற்பியல் சொல்வது இதுதான். மனித உடல் நீரில் ஏறத்தாழ மிதக்கும் பொருளே. மூக்கும் வாயும் நீருக்கு மேலே நிற்பதற்குச் சுமார் 5 கிலோ எடையைத் தாங்கும் விசை கூடுதலாகக் கிடைத்தால் போதும். அதாவது 50 நியூட்டன். எளிய மிதவைச் சட்டைக்கு உலகத் தரம் வகுத்திருக்கும் அளவும் அதுவே. மயங்கியவரைத் திருப்பி முகத்தை மேலே காட்ட 100, 150 நியூட்டன் சட்டைகள் உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், படகு விபத்தில் மூழ்கி இறந்தோரில் ஐந்தில் நால்வருக்கு மேல் சட்டை அணியாதவர்களே.

திறமை மட்டும் காக்குமா? கினோ வாட்கின்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் கிரீன்லாந்து மக்களிடமே கயாக் வேட்டையையும் கவிழ்ந்து நிமிரும் வித்தையையும் கற்றுத் தேர்ந்தவர். 1932 ஆகஸ்ட் 20 அன்று தனியே வேட்டைக்குச் சென்றார். வெறுங்கயாக் மிதந்துகொண்டிருந்ததைத் தோழர்கள் கண்டனர். உடல் கிடைக்கவே இல்லை. அவருக்கு அப்போது வயது 25. தனியே போகாதீர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் சித்தப்பாவின் குறையிலும் நியாயம் உண்டு. கயாக்கில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்களுக்கென்றே, தோள்கள் தடையின்றி அசையவும், முதுகில் காற்றோடவும், குறடும் கத்தியும் வைக்கப் பைகளோடும் சட்டைகளை அயல்நாட்டார் தைக்கின்றனர். பொழுதுபோக்குக்குப் போகிறவனுக்கு இத்தனை கருத்தோடு சட்டை அமைந்திருக்க, பிழைப்புக்குப் போகிறவனுக்குப் புழுங்கும் தடித்த சட்டைதான் கிடைக்க வேண்டுமா? அணிய முடியாத சட்டை காக்க முடியாத சட்டை. வலை இழுக்கும் கைக்கும், நம் வெயிலுக்கும் ஏற்ற 50 நியூட்டன் சட்டையை உருவாக்குவது பெரிய விஞ்ஞானமன்று. நம் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு வாளி நீரும், சுருள்வில் தராசும், சில துண்டு மிதவைப் பொருளும் கொண்டு தொடங்கக்கூடிய வேலை. அடுத்த ஆண்டுச் செயல்திட்டமாக இதனை எடுத்துக்கொள்ள எங்கள் துறைப் பேராசிரியர்களை வேண்டுகிறேன். கடலோரத்திலிருந்து வரும் மாணவ நண்பர்கள் உடன் வாருங்கள். அளந்து தைத்த முதற்சட்டையை என் சித்தப்பாவுக்கே அணிவித்துப் பார்ப்போம். குறை சொல்வதில் அவரினும் சிறந்த தேர்வாளர் கிடையாது!