தலையில் தட்டிய காகம்

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவில் ஒரு மே மாதக் காலை. பால் வாங்கப் போன எதிர்வீட்டு அம்மாவின் தலையில் காகம் ஒன்று தட்டிவிட்டுப் பறந்தது. மறுநாள் அதே புங்க மரத்தடியில் அவர் மகனுக்கும் அதே அனுபவம்.

"காக்கா தலையில தட்டினா சனி பிடிக்கும்னு ஊர்ல சொல்வாங்களே, சார்!" என்றார் அம்மா கவலையோடு. சனிக்கிழமை கோயிலில் எள் தீபம் ஏற்றுவது என்று முடிவாயிற்று. பையனோ வேறு பரிகாரம் யோசித்தான். நீளக் கொம்பு ஒன்றைக் கொண்டு வந்துவிட்டான், கூட்டைக் கலைக்க!

மரத்தடிக்குப் போய்ப் பார்த்தோம். சுவரோரத்தில், சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று சிவந்த வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. தாயும் தகப்பனும் மேலிருந்து கத்திக்கொண்டிருந்தன. சனியுமில்லை, சாபமுமில்லை. பிள்ளையைக் காக்கும் பெற்றோர், அவ்வளவுதான்.

நம் ஊர்க் காகங்கள் பெரும்பாலும் கோடையில் கூடு கட்டுகின்றன. நகரத்தில் சுள்ளிக்குப் பதில் கம்பித் துண்டுகளையும் பின்னிக்கொள்ளும். நான்கைந்து முட்டை; அடைகாக்க ஏறக்குறைய 17 நாள்; குஞ்சு கூட்டை விட்டு இறங்க மேலும் மூன்று, நான்கு வாரம். குயில் தன் முட்டையை இட்டுச் செல்வதும் இந்தக் கூட்டில்தான். குஞ்சு இறங்கிப் பறக்கப் பழகும் அந்தச் சில நாட்களில்தான் காகத்துக்குக் கோபம் அதிகம்.

கல்லெறிந்தால் கோபம் தீராது, கூடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப், 2006இல் ஒரு முகமூடி அணிந்து அங்குள்ள காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டார். பல ஆண்டுகள் கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கூட்டமாகத் திட்டின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன! காகம் முகத்தை மறப்பதில்லை.

நமக்கும் காகத்துக்கும் உள்ள உறவு பழையது. விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார் சங்கப் புலவர் நச்செள்ளையார். உறவை அழைத்து உண்ணும் அதன் குணத்தை வள்ளுவர் 527ஆம் குறளில் காட்டினார். அமாவாசைச் சோறும், உடன்பிறந்தவர் நலனுக்காகக் கனுவன்று வைக்கும் பிடியும் பெங்களூர் மொட்டைமாடிக்கும் நம்மோடு வந்துவிட்டன. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காகத்தைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீங்கியது.

ஆகவே, அன்பர்களே, காகம் தட்டினால் சில நாள் வேறு வழியாகப் போங்கள். இல்லையேல் குடை பிடியுங்கள். தரையில் இருக்கும் குஞ்சை வீட்டுக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். நாயும் பூனையும் அருகில் வந்தால் மட்டும், பக்கத்துச் செடியின் மேல் ஏற்றி வைத்துவிட்டு விலகுங்கள். பெற்றோர் பார்த்துக்கொள்ளும்.

எதிர்வீட்டு அம்மா அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போகத்தான் செய்தார். கொம்பு மட்டும் கொடிக்கம்பத்துக்குத் துணையாக மாடிக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் குஞ்சு தண்ணீர்த் தொட்டி வரை பறந்தது. தட்டுவதும் நின்றது. இப்போது அந்த வீட்டில் காலைச் சோற்றின் முதல் பிடியை வைப்பவன் அந்தப் பையன்தான்.